சாவியைக் கொடுக்காத அக்கா

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்கிட்ட கேட்டியா?" என்பார். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். எனக்கும் அக்கா, என் மாமியாருக்கும் அக்கா. மாமியார் அவரைவிட மூத்தவர் என்பதை இருவருமே கண்டுகொண்டதில்லை.

அவரிடமிருந்து யாரும் கார் சாவியை வாங்கியதில்லை. அவரைப் பற்றி என்னிடம் இருக்கிற நினைவெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதன்முதலில் அவரை நான் கவனித்தது சுங்கைப் பட்டாணி பாசாரில், அதாவது சந்தையில். கல்யாணமாகி அப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருந்தேன். அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. மீன் கடைகளுக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில், வெளுத்துப்போன நீலநிறச் சின்னக் கார் ஒன்றில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். மறுபடி திருப்பினார், மறுபடி 'டிக்'. காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார், பிறகு இன்னொருவர், பிறகு கோழிக்கடைக்காரர். எங்கள் ஊரில் காரைக் காடி என்போம். ஒரு பெண்ணின் காடி எடுக்கவில்லை என்றால் ஆண்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ தெரியாது. வருகிறவர் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான், கொஞ்சம் இறங்குங்கள் என்று.

அக்கா இறங்கவில்லை.

"சாவிய குடுங்கக்கா, நான் ஒரு தடவ ஸ்டார்ட் அடிச்சுப் பாக்குறேன்" என்றார் காய்கறிக்காரர்.

"எப்படி அடிக்கணும்னு சொல்லு தம்பி. நான் அடிக்கிறேன்."

"அட, ஒங்க காடிய தூக்கிட்டு ஓடிடவா போறேன்? அதான் எடுக்கவே மாட்டேங்குதே லா."

"எடுக்காத காடிக்கு எதுக்குப்பா சாவி கேக்குற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காய்கறிக்காரர் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் பானெட்டைத் தூக்கினார். உள்ளே எதையோ தட்டி, இப்போ திருப்புங்க என்றார். அக்கா திருப்பினார். மறுபடி தட்டினார், மறுபடி திருப்பினார். நாலைந்து முறைக்குப் பிறகு வண்டி உறுமி எழுந்தது. அதன் பிறகுதான் அக்கா இறங்கினார். தன் பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து காய்கறிக்காரரின் மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

உதவி வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை. யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். அந்த இருக்கையை மட்டும் விட்டுத் தர மாட்டார்.

ஒருமுறை கோயில் திருவிழாவில் அவர் காரை நிறுத்தியிருந்த இடம் மற்றவர்கள் வெளியே போகும் வழியாக இருந்தது. வேறு இடமும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், தேவைப்பட்டால் நாங்களே நகர்த்திக்கொள்கிறோம் என்று கோயில் கமிட்டிக்காரர் கேட்டிருக்கிறார். நியாயமான கோரிக்கைதான். எல்லோரும் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். அக்கா அன்றைக்கு அன்னதானச் சாப்பாட்டை வாழையிலையோடு காருக்குள் எடுத்துக்கொண்டு போனார். ஸ்டீரிங்குக்கு முன்னால் மடியில் இலையை வைத்துச் சாப்பிட்டார். யாராவது வந்து வழி கேட்டால், சோற்றுக் கையைத் தூக்கிக்கொண்டு இடது கையால் ஓட்டி முன்னே நகர்த்துவார், பிறகு பின்னே வருவார், மறுபடி சாப்பிடுவார். ரசம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டாராம், சிந்திவிடும் என்று.

இதற்குக் காரணம் என்ன என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கையுறைத் தொழிற்சாலையில் அவர் இரவு வேலைக்குப் போயிருந்தபோது புருஷன் அவருடைய பழைய காரைச் சொல்லாமல் விற்றுவிட்டார் என்று ஒரு கதை. ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் பாடம் முடியும்வரை இவரை ஓட்டவே விடவில்லை என்று இன்னொரு கதை. நான் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏன், காரணம் இருந்தாத்தான் குடுக்காம இருக்கணுமா?" என்று கேட்டார். அதோடு விட்டேன்.

இப்படி ஒருவர் எதிர்வீட்டில் இருந்தது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஏனென்றால் நான் நேர் எதிர். நகரு என்று யாராவது சொல்வதற்கு முன்பே நகர்ந்திருப்பேன். படித்திருக்கிறேன், பட்டம் வாங்கியிருக்கிறேன், ஓட்டுநர் உரிமத்தை முதல் தடவையிலேயே எடுத்தேன். ஆனாலும் காரில் வேறு யாராவது இருந்தால், நீங்கள் ஓட்டுகிறீர்களா என்று நானே கேட்டுவிடுவேன். வீட்டைப் பூட்டினால் பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். மகள் பிறந்த பிறகு இது அதிகமாயிற்று.

மகளுக்கு மூன்று வயது ஆகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னால் புரிந்துகொள்வாள், ஒரு சொல் வராது. நகரத்தில் பேச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் இடம் கிடைப்பதற்கே வெகுநாள் காத்திருந்தோம். எங்கள் தாமான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி ஊருக்கு வெளியே இருக்கிறது. வாடகைக் காரை வரவழைக்கலாம், ஆனால் மகள் தன் இருக்கையில், தன் காரில் மட்டும்தான் உட்காருவாள். வேறு வண்டியில் ஏற்றினால் மூச்சுத் திணறும் அளவுக்கு அலறுவாள். என் கணவர் வேலை முடிந்து வீடு வரும்போது வகுப்பு முடிந்திருக்கும். ஆக, நான் ஓட்டினால்தான் வகுப்பு. காய்ச்சல், மழை வெள்ளம் என்று ஏற்கெனவே சில முறை தவறிவிட்டது. இன்னொரு முறை வராவிட்டால், காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்கு இடத்தைக் கொடுத்துவிடுவோம் என்று தன்மையாகத்தான் சொன்னார்கள்.

என் மாமியாருக்கு அந்த வகுப்பில் நம்பிக்கை இல்லை. "பொண்ணு தன்னால பேசுவா. ஒம் புருசனே லேட்டாத்தான் பேசுனான்" என்பார். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் தனியாக ஓட்டுவது அவருக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்ததால் அவரோடு வாதாட முடியவில்லை.

அந்த வகுப்பே கைவிட்டுப்போக இருந்த ஒரு காலையைச் சொல்வதற்கு முன் பின்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அக்காவை நான் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவதாக ஆகிவிடும்.

பிற்காலத்தில் அவருக்குச் சர்க்கரை கண்ணைப் பாதித்தது. மாலையில் எதிரே வரும் வெளிச்சம் பூப்பூவாகத் தெரிகிறது என்று அவரே சொன்னார். அப்படியும் ஓட்டினார். ஒருநாள் எங்கள் குப்பைத் தொட்டியை இடித்து உருட்டினார். இன்னொரு நாள் தன் வீட்டுக் கேட்டையே இடித்தார். அந்த நீலக் காரின் சத்தம் கேட்டால் ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். அவள் அந்த ரோட்டில்தான் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். பினாங்கிலிருந்து அக்காவின் மகன் வந்து சாவியைக் கேட்டார். கெஞ்சினார், சத்தம் போட்டார், நடக்கவில்லை. கடைசியில், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று என்னிடம் வந்து நின்றார். யார் சொல்லி அவர் கேட்டிருக்கிறார், நான் சொல்லிக் கேட்க? என்ன பேசுவது என்று சமையலறையில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன்.

செருப்பைக் கழற்றும் முன்பே, "நீயும் சாவி கேக்க வந்தியா?" என்றார்.

"கேக்க வரலக்கா. எம் பொண்ணு இந்த ரோட்டுலதான் சைக்கிள் ஓட்டுறா. அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

அவர் உட்காரச் சொல்லவில்லை. நான் வெளியே வந்ததும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நன்றி கெட்டவள் ஆகிவிட்டேனோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற நான் போகவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் அக்கா காரை எடுத்துக்கொண்டு போனார். மதியம் பஸ்ஸில் இறங்கி, குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நேராக எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார். பழைய கார் வாங்குகிறவரிடம் விட்டுவிட்டு வருகிறாராம்.

"யாரும் என்கிட்டேருந்து வாங்கல. நானா குடுத்தேன். தெரிஞ்சுக்க" என்றார். "ஒம் பொண்ண வெளிய விடு, வெளயாடட்டும்."

அதன் பிறகு ஜித்ராவில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டார்.

இனி அந்தக் காலை. ஆயுத பூசை முடிந்து ஒரு வாரம் இருக்கும். மகளை அவள் இருக்கையில் உட்காரவைத்துப் பட்டை போட்டுவிட்டு, நேரத்தோடு கிளம்பிவிட்டோம் என்ற நிம்மதியோடு சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. என் கார் அதுவரை அப்படிச் செய்ததில்லை. மறுபடி திருப்பினேன். 'டிக்'.

மாமியார் கேட்டுக்குப் பக்கத்தில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"பூச போட்ட காடி. அதுவே எடுக்கலன்னா, இன்னிக்குப் போவாதன்னு அர்த்தம். எறக்கு புள்ளய."

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் இயந்திர இரைச்சல். இன்றைக்கு விட்டுவிடு, மாலை வந்து பார்க்கிறேன், அதற்குள் ஆம்பளை யாராவது கண்ணில் பட்டால் சாவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அக்கா இரவு வேலை முடிந்து வந்து, கைலியும் டீசட்டையுமாக எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தார். சத்தம் கேட்டு ரோட்டைக் கடந்து வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இறங்கி, சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்குக் குடுக்குற?"

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. நீங்க பாருங்க."

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? பாசார்ல பத்துப் பேரு சொன்னது தெரியும். உக்காரு. திருப்பு."

திருப்பினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சமும் சந்தேகமில்லாமல், இது ஸ்டார்ட்டர்தான் என்றார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒரு இடத்தைக் காட்டி, தட்டு என்றார். குடைக் காம்பால் தட்டினேன். உள்ளே வந்து திருப்பினேன். எடுக்கவில்லை. மறுபடி தட்டினேன். நான் தட்டிக்கொண்டிருந்தது ஸ்டார்ட்டரே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அவருடைய காரில் அந்த இடத்தில் இருந்தது, என்னுடையதில் இல்லை.

"அப்ப எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் கிளம்பாமல், கார் நிற்கும் இடத்தின் சிமெண்டுத் தரையில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மாமியார் மறுபடி பிள்ளையை இறக்கச் சொன்னார். மகள் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வகுப்புக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, இன்னொரு வாய்ப்புத் தாருங்கள் என்று கெஞ்சலாம். கெஞ்ச எனக்கு நன்றாக வரும்.

"என்ன பாக்குற? ஒன் காடிதானே?" என்றார் அக்கா.

ஹார்னை அழுத்தினேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அடித்தது. முன்விளக்கைப் போட்டேன். சுவரில் பளிச்சென்று விழுந்தது. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்ற அதே நொடியில் விளக்கு சுருங்கி மங்கியது. சாவியை விட்டதும் பழையபடி பளிச்சென்றது. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. வண்டியை எழுப்பும் அளவுக்கு அது போய்ச் சேரவில்லை. எங்கேயோ தடுக்கிறது. இதைத்தான் அங்கேயே போனில் தேடிப் பார்த்த ஒரு வீடியோவும் சொன்னது. ஆனாலும் நான் நினைப்பது சரியா என்று யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பவரை என்ன கேட்பது?

பேட்டரியின் மேல் குனிந்தேன். வயர் மாட்டும் இரண்டு ஈய முனைகளிலும், பிடியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மேலே ஒரு சிவப்புப் புள்ளி. துரு என்று நினைத்து விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

அப்போதுதான் விளங்கியது. பூசைக்கு முதல் நாள் கணவர் பேட்டரியின் வயர்களைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவிவைத்திருந்தார். மாமியார் அடுப்புக்கும் தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், திறந்திருந்த அந்த முனைகளுக்கும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார். சாமிப் பொட்டை அழிக்க மனமில்லாமல் கணவர் அதன் மேலேயே வயரை மாட்டி முறுக்கிவிட்டார். ஈரமாக இருந்தவரை கொஞ்ச நாள் தாங்கியிருக்கிறது. காய்ந்து இறுகியதும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டது.

செருப்பு அலமாரியிலிருந்து கணவரின் ஸ்பேனரை எடுத்து வந்தேன். வீடியோவில் சொன்னபடி கறுப்பு வயரை முதலில் கழற்றினேன். மகளின் கைப்பையில் ஈரத்துணித் தாளும், அவள் நகத்தைத் தேய்க்கும் சின்ன அட்டையும் இருந்தன. அவற்றால் துடைத்து, தேய்த்து, ஈயம் மின்னும்வரை விடவில்லை. சிவப்பை மாட்டினேன், கறுப்பை மாட்டினேன், முறுக்கினேன். உள்ளே உட்கார்ந்து திருப்பினேன்.

எடுத்துக்கொண்டது. எதுவுமே நடக்காதது போல எடுத்துக்கொண்டது.

மாமியாரிடம் சந்தனம் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், குத்திக்காட்டுவது போல ஆகிவிடுமே என்று தோன்றியது. ஆனால் அடுத்த வருடமும் பூசை வருமே. அவர் தாளைப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் திகைப்பு. உடனே சுதாரித்துக்கொண்டார்.

"பாத்தியா? அப்ப சாமிதான் நிறுத்தியிருக்கு."

"சாமி நிறுத்தினத நான் தொடச்சிட்டேன் அத்தை" என்றேன். "போயிட்டு வரேன்."

அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே ஐயம். மாமியார் கீழே வைத்த சொம்பை எடுத்துக்கொண்டார். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று மெல்லக் கேட்டார். அக்கா தரையிலிருந்து எழுந்து, நின்றால் நிற்கும், நான் கூடப் போகிறேன் என்று கைலியோடேயே முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

வகுப்பு நடக்கும் இடத்துக்குப் போனபோது எங்கள் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. முகப்பிலிருந்த பெண் மலாய் மொழியில், அனுதாபமாகத்தான் பேசினார். வேறு பிள்ளை உள்ளே இருக்கிறது, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், இடம் இருக்குமா என்று பின்னர் அழைத்துச் சொல்கிறோம் என்றார். பின்னர் அழைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். பாசாரையே வாயடைக்க வைக்கும் ஆள், எனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டாரா? அவர் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். கார் எடுக்கவில்லை, சரிசெய்துகொண்டு வந்திருக்கிறோம், இன்றைக்கு என் மகளைப் பார்க்கும்வரை இங்கேயே இருக்கிறோம் என்றேன். இன்று பார்ப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண். பரவாயில்லை, உறுதி வேண்டாம், நாற்காலி போதும் என்றேன். பயிற்சி அறையின் கதவுக்கு நேர் எதிரில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னும் தள்ளி உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எழவில்லை.

ஒரு பிள்ளை வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. அக்கா தூங்கி விழுந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பயிற்சியாளர் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்தார், முகப்பைப் பார்த்தார், கையிலிருந்த பையை மேசையில் திரும்ப வைத்துவிட்டு மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் என் மடியிலிருந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். இடத்தை விட்டுத் தர வேண்டியதில்லை, அடுத்த வாரமும் வாருங்கள் என்று முகப்புப் பெண் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் எனக்குப் பழைய கவலை வந்துவிட்டது. இவ்வளவு அடம்பிடித்து உட்கார்ந்தும், அவளுக்குப் பேச்சே வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"ஒனக்கே இன்னிக்குத்தான் வாய் தொறந்திருக்கு" என்றார். "அந்தப் புள்ளய எதுக்கு அவசரப்படுத்துற?"